ஊகப் புனைவுக்கு ஒரு தேசிய விருது: தராசு யார் கையில்?

ஒரு நாட்டில் எழுதப்படும் ஊகப் புனைவுக்கு ஆண்டுதோறும் விருது கொடுக்கலாம் என்று சிலர் கூடி முடிவெடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் கூட்டத்திலேயே விருதின் பெயர், கேடயத்தின் வடிவம், விழா நடக்கும் அரங்கம் என்று பேச்சு ஓடிவிடும். இந்த மூன்றையும் கடைசிக் கூட்டத்துக்குத் தள்ளிவைக்கலாம். முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எது சிறந்தது என்று சொல்லும் உரிமை யாருக்கு? வாசகர்களுக்கா, எழுத்தாளர்களுக்கா, நியமிக்கப்பட்ட நடுவர்களுக்கா? மூன்று வழிகளும் பல பத்தாண்டுகளாக நடைமுறையில் இருப்பவை. எது எதைக் கொடுத்தது, எங்கே சறுக்கியது என்று பார்த்து முடிவெடுக்க முடியும். என் சாய்வை முன்பே சொல்லிவிடுகிறேன். நான் நடுவர் குழுவின் பக்கம் நிற்கிறேன், ஆனால் சில நிபந்தனைகளோடு.

ஊகப் புனைவு என்ற சொல்லை இங்கே அகலமாகவே எடுத்துக்கொள்கிறேன். அறிவியல் புனைகதை, மிகுபுனைவு, அமானுஷ்யக் கதை, மாற்று வரலாறு எல்லாம் இதற்குள் அடங்கும். 'இப்படி ஓர் உலகம் இருந்தால்?' என்ற கேள்வியில் முளைத்தவை எல்லாம் என்று சொன்னால் போதும்.

முதலில் வாசகர் வாக்கு. 1953இல் ஃபிலடெல்ஃபியாவில் கூடிய உலக அறிவியல் புனைகதை மாநாட்டில் முதல் ஹியூகோ விருதுகள் வழங்கப்பட்டன. மாநாட்டின் உறுப்பினர் எவருக்கும் வாக்கு உண்டு. ஹியூகோ ஒரு நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. ஆனால் ஆஸ்திரேலியாவில் 1969இல் தொடங்கிய டிட்மார், ஜப்பானில் 1970இல் தொடங்கிய செய்யுன், கனடாவில் 1980இல் தொடங்கிய அரோரா ஆகியவை வாசகர்களின் வாக்கால் தீர்மானிக்கப்படும் தேசிய விருதுகள்தாம்.

ஊர் கூடித் தேர் இழுக்கும்போது வடத்தில் ஒரு கை வைத்தவனுக்கும் தேர் தன்னுடையதாகிவிடுகிறது. வாசகர் வாக்கின் பலம் அதுதான். வாக்களித்தவர் அடுத்த ஆண்டும் வருவார், நண்பரையும் அழைத்து வருவார். செலவும் குறைவு. ஹியூகோ வென்றவருக்குப் பணமுடிப்பு கிடையாது. ராக்கெட் வடிவச் சிலை ஒன்றுதான். அந்த ராக்கெட்டுக்காக ஏங்காத எழுத்தாளர் அந்தத் துறையில் குறைவு.

ஹியூகோவின் வாக்கெண்ணும் முறையிலும் கற்றுக்கொள்ள வேண்டிய நுட்பம் உண்டு. இறுதிச் சுற்றில் ஒரே ஒரு நூலுக்கு முத்திரை குத்துவதில்லை. முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என்று வரிசைப்படுத்துகிறார்கள். கடைசி இடத்தில் இருக்கும் நூல் விலக்கப்பட, அதற்கு விழுந்த வாக்குகள் அந்தந்த வாக்காளரின் அடுத்த விருப்பத்துக்குப் போகின்றன. சிலரால் வெறியோடு விரும்பப்பட்டு மற்றவர்களால் வெறுக்கப்படும் நூல் இந்த முறையில் எளிதில் வெல்லாது. 'விருது இல்லை' என்பதும் அந்த வரிசையில் ஒரு தேர்வாகவே இருக்கும்.

இத்தனை காப்புகள் இருந்தும் 2015இல் அது ஆட்டம் கண்டது. இரண்டு பிரசாரக் குழுக்கள் தங்களுக்குப் பிடித்தவர்களின் பட்டியலைத் தயாரித்து, ஆதரவாளர்களை அதை ஒட்டியே பரிந்துரைக்கச் செய்தன. இது எப்படிச் சாத்தியமானது என்பது எளிய கணக்கு. பரிந்துரைப்பவர்கள் ஆயிரம் பேர், களத்தில் இருக்கும் நூல்கள் சில நூறு என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரவர் விரும்பியதை எழுதும்போது வாக்குகள் நாலா பக்கமும் சிதறும். எந்த நூலுக்கும் அறுபது, எழுபதுக்கு மேல் சேராது. அவர்களில் நூறு பேர் மட்டும் ஒரே பட்டியலை வரி பிசகாமல் நிரப்பி அனுப்பினால், இறுதிப் பட்டியலின் எல்லா இடங்களும் அவர்கள் கைக்குப் போய்விடும். பத்தில் ஒரு பங்கினர் முழுக் களத்தையும் பிடித்துவிடலாம். அந்த ஆண்டு மற்ற வாக்காளர்கள் திரண்டு வந்து ஐந்து பிரிவுகளில் 'விருது இல்லை' என்று தீர்ப்பெழுதினார்கள். பிறகு பரிந்துரை எண்ணும் முறையே மாற்றப்பட்டு 2017இலிருந்து நடைமுறைக்கு வந்தது. ஒருவர் எத்தனை நூல்களைப் பரிந்துரைத்தாலும் அவருடைய ஒரு புள்ளி அவற்றுக்குள் பங்கிடப்படும். களத்திலிருந்து ஒரு நூல் நீங்க நீங்க, மீதமுள்ளவற்றுக்குப் பங்கு கூடும்.

2023இல் வேறு விதமான காயம் பட்டது. சீனாவின் செங்டுவில் நடந்த ஹியூகோ மாநாட்டின் வாக்கு விவரங்கள் 2024 ஜனவரியில் வெளியானபோது, போதிய பரிந்துரைகள் பெற்றிருந்த சில படைப்புகள் காரணம் எதுவும் சொல்லப்படாமல் 'தகுதியற்றவை' என்று நீக்கப்பட்டிருந்தது தெரிந்தது. வாக்கெடுப்பில் நடுவர்களே இல்லை என்று நினைப்பது தவறு. எண்ணுகிறவரும் தகுதி பார்க்கிறவரும் நடுவர்கள்தாம். அவர்களை யாரும் நடுவர் என்று அழைப்பதில்லை, எனவே யாரும் கேள்வி கேட்பதும் இல்லை.

ஆனாலும் முறைகேட்டை முன்வைத்து வாசகர் வாக்கை நான் நிராகரிக்கவில்லை. முறைகேட்டை விதிகளால் அடைக்கலாம். அடைக்க முடியாத ஓட்டை வேறு. வாக்காளர், தான் ஏற்கெனவே படித்த நூலுக்குத்தான் வாக்களிக்க முடியும். நல்ல விநியோகமும் விளம்பரமும் உள்ள பதிப்பகத்தின் நூல் ஆயிரம் கைகளுக்குப் போயிருக்கும். இருநூறு பிரதி மட்டும் அச்சான நூலைப் படித்தவர்கள் முப்பது பேர் இருக்கலாம். அந்த முப்பது பேரும் அதை வாழ்நாளில் படித்த சிறந்த நூல் என்று நினைத்தாலும் அது மேலே வராது. வாசகர் அதிகமுள்ள பெரிய மொழியில் இது ஓரளவு சமனாகலாம். புதிதாக விருது தொடங்கும் நாட்டில், இந்த வகை எழுத்துக்கு வாசகர் பரப்பே இனிமேல்தான் உருவாக வேண்டிய இடத்தில், ஏற்கெனவே தெரிந்தவர்களையே அது மறுபடி மறுபடி முடிசூட்டும்.

அடுத்தது எழுத்தாளர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுப்பது. அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் சங்கம் 1965இல் உருவானது. அதன் உறுப்பினர்கள் வாக்களிக்கும் நெபுலா விருது அதற்கு அடுத்த ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. ஜெர்மனியில் குர்ட் லாஸ்விட்ஸ் விருதுக்கு எழுத்தாளர்களோடு மொழிபெயர்ப்பாளர்கள், பதிப்பாசிரியர்கள் போன்ற தொழில்முறையாளர்களும் வாக்களிக்கிறார்கள். ஜப்பானில் எழுத்தாளர் சங்கம் 1980இலிருந்து வழங்கும் பெருவிருது நூல்களோடு நின்றுவிடவில்லை; சித்திரக்கதைக்கும் தொலைக்காட்சித் தொடருக்கும்கூடப் போயிருக்கிறது. அந்தத் துணிச்சல் எனக்கு மிகவும் பிடிக்கும். தச்சன் செய்த நாற்காலியை இன்னொரு தச்சன் புரட்டிப் பார்த்து, மூட்டு எங்கே சேர்கிறது என்று தடவிப் பார்ப்பதற்கு ஒப்பானது சக எழுத்தாளரின் பாராட்டு. ஆனால் நூற்றுக்கணக்கான உறுப்பினர்களும் செயலகமும் உள்ள சங்கம் இருந்தால்தான் இது நடக்கும். நாடு முழுவதிலும் இந்த வகையை எழுதுகிறவர்கள் அறுபது பேர் என்றால், ஒவ்வொருவருக்கும் மற்ற ஐம்பத்தொன்பது பேரையும் தெரிந்திருக்கும். போன ஆண்டு தனக்கு முன்னுரை எழுதியவருக்கு எதிராக வாக்களிப்பது யாருக்கும் எளிதல்ல. சங்கம் வளரட்டும், பத்தாண்டு கழித்து இதைப் பற்றி யோசிக்கலாம்.

ஆக, நடுவர் குழு. இங்கே சில நாடுகளின் வரலாற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பிரிட்டனில் அறிவியல் புனைகதைச் சங்க உறுப்பினர்கள் வாக்களிக்கும் விருது 1970இல் வந்தது. நடுவர்கள் தேர்ந்தெடுக்கும் ஆர்தர் சி. கிளார்க் விருது 1987இல் வந்தது. ஆஸ்திரேலியாவில் டிட்மார் இருக்கும்போதே 1995இல் நடுவர் குழுக்களோடு ஆரியலிஸ் விருது தொடங்கியது. கனடாவில் அரோராவுக்கு இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, நடுவர்கள் தேர்ந்தெடுக்கும் சன்பர்ஸ்ட் விருது 2001இல் முதல்முறையாக வழங்கப்பட்டது. மூன்று இடங்களிலும் வாக்கு முதலில், நடுவர்கள் பின்னால். வாக்கெடுப்பு நடத்துவது மலிவு என்பது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் கையில் ஒரு விருது இருந்தும் இன்னொன்றுக்காக மறுபடி பணம் திரட்டி உழைத்திருக்கிறார்கள் என்றால், முதலாவது எதையோ செய்யவில்லை என்று பொருள். அந்த 'எதையோ' எது என்பதை நான் ஒரு முறை நேரில் கண்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறிய தேர்வுக்கு மூன்று நடுவர்களில் ஒருவனாக இருந்தேன். நாற்பத்திமூன்று நூல்கள் இரண்டு அட்டைப்பெட்டிகளில் வந்தன. அடியில் கிடந்த ஒல்லியான நூலின் அட்டையில் மை பரவியிருந்தது. ஆசிரியரே அச்சிட்டது, உள்ளே நான்காக மடித்த கடிதம், அதில் கையெழுத்தும் தொலைபேசி எண்ணும் மட்டும். கதையில் மழை நின்றுபோன ஒரு நாடு. அங்கே பழைய மழைகளின் கணக்கைப் பேரேட்டில் எழுதிப் பாதுகாக்கும் ஒரு பெண். முதல் இருபது பக்கம் வெறும் கணக்காகவே ஓடியது. இருபத்தேழாம் பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டை வைத்து மூடி ஒதுக்கினேன். மதிப்பெண் தாளில் 'நிதானம் அதிகம்' என்று பென்சிலால் எழுதியும் வைத்தேன். கூட்டத்தில் இன்னொரு நடுவர், எங்களில் வயதில் மூத்தவர், எதுவும் வாதிடாமல் அந்த நூலின் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை எடுத்து ஒரு பத்தியை வாசித்தார். பேரேட்டில் ஒரு நாளின் பதிவு மட்டும் பொய் என்று அந்தப் பெண் கண்டுபிடிக்கும் இடம் அது. முன்னால் வந்த அத்தனை கணக்கும் அந்த ஒரு பொய்யைத் தாங்குவதற்காக எழுப்பப்பட்ட தூண்கள் என்று அப்போதுதான் புரிந்தது. அன்றிரவே உட்கார்ந்து முழுவதும் படித்து முடித்தேன். பென்சிலால் எழுதியதை அழித்தேன். நூல் எங்கள் குறும்பட்டியலில் இடம்பெற்றது.

பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இந்த வகை எழுத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாது. நடப்பியல் நாவலில் முதல் பக்கத்திலேயே நமக்குத் தெரிந்த தெருவும் வீடும் வந்துவிடும். ஊகப் புனைவில் அந்த உலகத்தின் விதிகளே நமக்குத் தெரியாது. எது முக்கியம், எது அலங்காரம் என்று அறிய நூறு பக்கம் பிடிக்கலாம். படித்தே தீர வேண்டிய கடமை உள்ளவர் மட்டும்தான் அந்த நூறு பக்கத்தையும் கடப்பார். வாக்காளருக்கு அந்தக் கடமை இல்லை, சக எழுத்தாளருக்கும் இல்லை. என்னோடு இருந்த மூத்தவருக்கு இருந்தது. அவர் அதை நிறைவேற்றினார். நான் முதலில் நிறைவேற்றவில்லை. அதனால்தான் நடுவர் ஒருவர் போதாது என்று சொல்கிறேன்.

இப்போது நிபந்தனைகளுக்கு வருகிறேன். முதலாவது நேரம். தொண்ணூறு நாவல்கள், ஒவ்வொன்றும் முந்நூறு பக்கம் என்றால் மொத்தம் 27,000 பக்கம். ஆறு மாதத்தில் முடிக்க நாள் ஒன்றுக்கு 150 பக்கம் படிக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து. இது மிகைக் கணக்கல்ல. கிளார்க் விருதுக்கு வரும் நூல்கள் சில ஆண்டுகளில் நூறைத் தாண்டியிருக்கின்றன. புகழ்பெற்ற பெயர்களை அழகுக்காக நடுவர் பட்டியலில் சேர்த்தால் அவர்கள் படிக்க மாட்டார்கள். இறுதிக் கூட்டத்தில் ஒருவர் பாதி நூல்களைத் திறக்கவே இல்லை என்று சொல்லக் கேட்டு நான் வெட்கி உட்கார்ந்திருக்கிறேன். ஐந்து நடுவர்கள், ஒவ்வொரு நூலையும் குறைந்தது மூன்று பேர் முழுமையாகப் படித்திருக்க வேண்டும், படித்ததற்கு நான்கு வரிக் குறிப்பு எழுத வேண்டும், இந்த உழைப்புக்கு மதிப்பூதியம் கொடுக்க வேண்டும். கேடயத்துக்கு ஒதுக்கும் பணத்தை இதற்குத் திருப்பினாலும் தகும்.

இரண்டாவது, நடுவர்கள் யார் என்பது. இந்த வகையில் ஊறியவர்கள் மட்டும் இருந்தால் பழைய உத்திக்கே கைதட்டுவார்கள். பொது இலக்கியவாதிகள் மட்டும் இருந்தால், இருபது ஆண்டுகளுக்கு முன்பே தேய்ந்துபோன ஒரு கற்பனையை முதல்முறை பார்த்து வியந்துவிடுவார்கள். மூன்றுக்கு இரண்டு என்ற கலப்பு நல்லது. ஒருவர் தொடர்ந்து இரண்டு ஆண்டுக்கு மேல் இருக்கக் கூடாது. ஐந்து பேரின் ரசனை ஐந்து பேரின் ரசனைதான். கிளார்க் விருதின் 2013ஆம் ஆண்டுக் குறும்பட்டியலில் இருந்தவர்கள் அனைவரும் ஆண்கள். அது கடுமையாக விவாதிக்கப்பட்டது. ஆண்டுக்கு ஆண்டு ஆட்கள் மாறினால் ஓராண்டின் குருட்டுப் புள்ளி மறு ஆண்டுக்குத் தொடராது.

மூன்றாவதை நான் எல்லாவற்றையும்விட மேலாகக் கருதுகிறேன். பரிசீலனைக்கு வந்த எல்லா நூல்களின் பட்டியலும் வெளியிடப்பட வேண்டும். கிளார்க் விருது இதைச் செய்கிறது. எவையெல்லாம் வந்தன என்று தெரிந்தால்தான் எது விடுபட்டது என்று வாசகர் கேட்க முடியும். அந்தப் பட்டியலே அந்த நாட்டின் அந்த ஆண்டு ஊகப் புனைவின் கணக்கேடு. ஐம்பது ஆண்டு கழித்து ஓர் ஆய்வாளர் தேடி வருவது வெற்றியாளரின் பெயரையல்ல, இதைத்தான்.

'தேசிய' என்ற சொல்லுக்குப் பொருள் என்ன என்பதிலும் நாடுகள் பிரிகின்றன. ஆரியலிஸ் விருது ஆஸ்திரேலியக் குடிமக்களுக்கும் நிரந்தரமாக வசிப்பவர்களுக்கும் உரியது. கிளார்க் விருதோ பிரிட்டனில் வெளியான நாவலைப் பார்க்கிறது, எழுதியவரின் நாட்டைப் பார்ப்பதில்லை; அதன் முதல் வெற்றியாளர் கனடாவின் மார்கரெட் அட்வுட். தன் நாவலை அறிவியல் புனைகதை என்று அழைப்பதைவிட ஊகப் புனைவு என்று அழைப்பதையே விரும்புபவர் அவர். எல்லையை இறுக்கமாக வகுக்காமல் நூலைப் பார்த்துத் தீர்ப்பு சொன்ன அந்த முதல் குழுவை நான் மதிக்கிறேன். புதிய விருதுக்கு என் பரிந்துரை: குடிமக்கள், நாட்டில் வசிப்பவர்கள் இருவருக்கும் இடம் வேண்டும், புலம்பெயர்ந்து வேறு நாட்டில் இருந்து எழுதும் குடிமகனை விலக்கக் கூடாது. பிரான்சில் 1974இல் தொடங்கிய 'கிராண்ட் பிரீ த லிமாஜினேர்' சொந்த மொழி நாவலுக்கும் பிறநாட்டு நாவலுக்கும் தனித்தனிப் பிரிவும், மொழிபெயர்ப்பாளருக்குத் தனி விருதும் வைத்திருக்கிறது. பல மொழிகள் பேசும் நாட்டில் மொழிபெயர்ப்பாளருக்கு இடம் கொடுக்காமல் தேசிய விருது என்று சொல்லிக்கொள்வது பொய்.

அச்சான நூலுக்குக் கொடுப்பதா, கையெழுத்துப் பிரதிக்கா? இத்தாலியின் யுரானியா விருது அச்சேறாத நாவலுக்கானது. வென்றால் அதே பெயரிலான தொடரில் நூலாக வெளிவரும். 1993இல் நாவலாசிரியர் வலேரியோ எவாஞ்சலிஸ்தி அதன் வழியாகத்தான் வந்தார். பதிப்பகம் ஒன்று பின்னால் நின்றால் இது அருமையான வழி. நிற்காவிட்டால், வென்ற கையெழுத்துப் பிரதி மேசை இழுப்பறையிலேயே தூங்கும். ஆகவே இப்போதைக்கு அச்சான நூல். கூடவே ஒரு சிறுகதைப் பரிசும் வேண்டும், ஏனெனில் புதியவர்கள் முதலில் எழுதிப் பார்ப்பது சிறுகதையைத்தான். ஆரியலிஸ் போல ஒவ்வொரு வகைக்கும் தனிக் குழு அமைக்க முதல் ஆண்டில் ஆள்பலம் இருக்காது. நுழைவுக் கட்டணம் வாங்கக் கூடாது. வாங்கியிருந்தால் மை பரவிய அந்த நூல் பெட்டிக்கு வந்திருக்காது.

பணத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். கிளார்க் விருதின் தொகை 2001இலிருந்து அந்தந்த ஆண்டின் எண்ணிக்கையளவு பவுண்டு: 2001இல் 2001 பவுண்டு, 2024இல் 2024 பவுண்டு. பெரிய தொகையல்ல, ஆனால் எல்லோருக்கும் நினைவில் நிற்கிறது. அமெரிக்க எழுத்தாளர் ஜேம்ஸ் டிப்ட்ரீ ஜூனியர் பெயரில் 1991இல் தொடங்கப்பட்ட விருதுக்கு மாநாடுகளில் கேக்கும் பிஸ்கட்டும் விற்றுப் பணம் சேர்த்தார்கள். விருது இன்று வேறு பெயரில் தொடர்கிறது.

'விருது இல்லை' என்று சொல்லும் உரிமையை வாசகர் வாக்கிலிருந்து நடுவர் குழுவுக்கும் கொண்டுவந்து விதியிலேயே எழுதிவைக்க வேண்டும். மூன்றாம், நான்காம் ஆண்டு கழித்து, குறும்பட்டியலில் உள்ள ஐந்து நூல்களுக்கு வாசகர்கள் வாக்களிக்கும் தனிப் பரிசு ஒன்றைச் சேர்க்கலாம். அப்போது எல்லோரும் ஒரே ஐந்து நூல்களைப் படித்துவிட்டு வாக்களிப்பார்கள். சிதறல் இருக்காது, பட்டியல் போட்டுப் பிடிக்கவும் முடியாது.

இவை முடிவான பிறகு பெயரைப் பற்றிப் பேசலாம். நியூசிலாந்து வாசகர்கள் தங்கள் விருதுக்கு ஜூலியஸ் வோகலின் பெயரை வைத்திருக்கிறார்கள். அந்த நாட்டின் பிரதமராக இருந்தவர் அவர். பதவியை விட்ட பிறகு 1889இல் ஒரு நாவல் எழுதினார். 2000ஆம் ஆண்டில் நடக்கும் கதை, அதில் பெண்கள் ஆட்சியின் உயர்ந்த பதவிகளில் இருக்கிறார்கள். அதை எழுதியபோது நியூசிலாந்தில் பெண்களுக்கு நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குரிமை இல்லை. நான்கு ஆண்டுகள் கழித்து, 1893இல் கிடைத்தது.